சிவப்பாகவே விட்ட வரிகள்

அம்மாவுக்குத் தொண்டையில் ஆபரேஷன் என்று முடிவான வாரம், ஜெபமாலை முழுவதையும் அவர் குரலில் என் லேப்டாப்பில் பதிந்துகொண்டேன். அக்டோபர் மாதம் எங்கள் டவுன்ஷிப்பில் ஜெபமாலை குவார்ட்டர்ஸ் குவார்ட்டர்ஸாகச் சுற்றும். ஒருவர் முன்பாதியைச் சொல்ல, மற்றவர்கள் பின்பாதியைச் சொல்வார்கள். எங்கள் தெருவில் முன்பாதி எப்போதும் அம்மாதான். இனி அந்தக் குரல் வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அப்பா சுரங்கத்தில் ஷிப்ட் பார்ப்பவர். பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்க்காமல் படி இறங்கமாட்டார். "எல்லாத்தையும் ஒரே எடத்துல வெச்சிகினு இருக்கிற. மந்தாரக்குப்பத்துல ஒரு பென்டிரைவ் வாங்கி அதுலயும் ஏத்திடேன்" என்றார்.

"டிஸ்க்குல எழுதற புரோகிராம் கோடே நான் எழுதுனதுப்பா. எனக்குத் தெரியாதா?" என்றேன். திமிர்தான், வேறென்ன.

அப்போது எனக்கு வீட்டிலிருந்தபடியே வேலை. பைல்களுக்கு டிஸ்க்கில் இடம் ஒதுக்கும் கோடை எழுதி, அதை நானே சோதிக்கவும் வேண்டும். அந்தக் கோடையே என் லேப்டாப்பிலும் ஓட்டிக்கொண்டிருந்தேன். சோதனை தொட்ட வரிகள் ரிப்போர்ட்டில் பச்சையாகும், தொடாதவை சிவப்பாக நிற்கும். சுலபமான வரிகளாகப் பார்த்துப் பச்சையாக்கினேன், பாராட்டும் கிடைத்தது. டிஸ்க் நிறையப்போகும்போது மிச்ச இடத்தைத் தேடும் சில வரிகள் மட்டும் சிவப்பாகவே நின்றன. அவ்வளவு யார் நிரப்பப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

நிரப்பியது நானேதான். வெறும் பூஜ்ஜியங்களாலான சோதனை பைல்களை மாதக்கணக்கில் அதே டிஸ்க்கில் கொட்டிக்கொண்டிருந்தேன். அம்மாவின் பதிவைப் போட்டுக் கேட்க மட்டும் அந்த வருஷம் முழுக்க எங்களில் யாருக்கும் தைரியம் வரவில்லை.

அடுத்த அக்டோபரில் ஜெபமாலை எங்கள் வீட்டுக்கு வந்தது. அம்மா கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்தார். ஸ்பீக்கரில் அவர் குரல் எழுந்ததும் பக்கத்து வீட்டு அக்கா அழுதேவிட்டார். ஏழெட்டு மணிகள்தான் உருண்டிருக்கும், குரல் நின்றது. பைல் ஓடிக்கொண்டிருந்தது, சத்தம் இல்லை. இடம் தேடித் திணறிய என் கோடு, அம்மாவின் குரல் இருந்த இடத்தையே காலி என்று எடுத்து என் பூஜ்ஜியங்களுக்குக் கொடுத்திருந்தது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அம்மா பார்க்கவில்லை. விட்ட இடத்திலிருந்து உதடுகளை அசைத்துச் சொல்லத் தொடங்கினார். அப்பா அந்த உதடுகளையே பார்த்திருந்து, அவை நின்றதும் பின்பாதியைச் சொன்னார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

மறுநாள் அந்தச் சிவப்பு வரிகளுக்குச் சோதனை எழுதினேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். மொத்தம் பதினோரு வரிதான். ஓட்டிய முதல் தடவையே தவறைக் காட்டிவிட்டது. போன வருஷம் எழுதியிருந்தாலும் காட்டியிருக்கும்.