பெட்டிக்குள் சேசுபாலன்

கிறிஸ்துமஸ் குடில் ஜோடிக்க வாங்கிவந்த வைக்கோலைப் பிரித்ததும் எழுந்த வாசனை, எப்போதோ இடித்துத் தரைமட்டமாக்கிவிட்ட எங்கள் நெல்லித்தோப்புச் சிறுகோயிலின் பின்னறைக்குள் என்னைக் கொண்டுபோய் நிறுத்தியது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு வாரம், ஆகமன காலம் முழுக்க அம்மா தலையில் பூ வைக்கமாட்டாள், ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருப்பாள், சாயங்காலம் ஜெபமாலை முடிந்ததும் என்னையும் கூட்டிக்கொண்டு அந்த அறையைப் பெருக்கப் போவாள். அங்கேதான் குழந்தை ஏசுவின் சிலை, சேசுபாலன் சுரூபம், வெள்ளைத்துணி சுற்றி, மரப்பெட்டிக்குள் கிடந்தது. பார்த்ததும் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அந்த வருஷத்து ஐப்பசி மழையில் செத்துப்போன எங்கள் தம்பிப் பாப்பாவையும் அப்படித்தான் துணி சுற்றிப் பெட்டியில் வைத்தார்கள்.

"தூங்கறாருடி. நாம பாவம் பண்ணாம மனச சுத்தமா வச்சிருந்தா, திருநாளுக்குப் பொறப்பாரு" என்றாள் அம்மா.

அதற்குப் பிறகு வாயைத் திறக்கவே பயந்தேன். பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்தில், மரக்கிராதிக்கு அந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரச் சாமியார் இருமினால்கூட, ஏதோ பாவத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேனோ, என்னால்தான் சேசுபாலன் எழுந்திருக்காமலே போய்விடுவாரோ என்று முதலிலிருந்து மறுபடி சொல்ல ஆரம்பிப்பேன்.

திருநாள் காலையில் குடிலை எட்டிப் பார்த்தேன். வைக்கோல்மேல் கைகளை விரித்துப் படுத்திருந்தார். போன உயிர் திரும்பியதுபோல் இருந்தது எனக்கு. அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"நம்ம பாப்பாவ எப்பம்மா பெட்டியிலேர்ந்து எடுப்பாங்க?"

அம்மா முக்காட்டை முகத்தின்மேல் இழுத்துக்கொண்டு, அந்தக் குடிலுக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.