மிஷின் மாமாவின் வெட்கம்

ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவரை மிஷின் மாமா என்றுதான் கூப்பிட்டார்கள். ஆபரேஷனுக்குப் போகிறவர்களுக்குச் சின்ன மிஷினால் முடி எடுத்துவிடுவது அவர் வேலை. யாராவது போர்வையை இறுக்கிப் பிடித்தால் போதும், "என்னங்க, புதுப்பொண்ணு மாதிரி வெட்கப்படுறீங்க? நான் பார்க்காததா?" என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி சொல்வார். யார் யார் எப்படிக் கூனிக்குறுகினார்கள் என்பதை மதியம் கேன்டீனில் நடித்தும் காட்டுவார். சிரிக்காத ஆள் கிடையாது.

ஒருநாள் அவர் வயிற்றுக்குள் பெரிய ரத்தக்குழாய் பலூன் மாதிரி வீங்கியிருப்பது ஸ்கேனில் தெரிந்தது. வெடித்தால் பிழைப்பது கஷ்டம். "வயித்தைக் கிழிக்க வேண்டாம். தொடை இடுக்குல ரெண்டு பக்கமும் சின்னதா துளை போட்டு, ரத்தக்குழாய் வழியாவே ஒரு துணிக்குழாயை ஏத்தி, வீங்கின இடத்துக்கு உள்பக்கமா உறை மாதிரி விரிச்சுடலாம்" என்றார் டாக்டர். மனைவிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மாமாவுக்கோ தொடை இடுக்குக்குப் பிறகு சொன்னது எதுவும் காதில் ஏறவில்லை.

ஏனென்றால் அவர் லீவு போட்டால் அவர் இடத்தில் மிஷின் பிடிப்பது மனைவியின் தம்பி. அவரே சிபாரிசு செய்து சேர்த்துவிட்ட மச்சான். அவனுக்கும் வாய் நீளம். கேன்டீனில் மானம் கப்பலேறிவிடும் என்று மாமா நடுங்கினார்.

அட்மிட் ஆவதற்கு இரண்டு நாள் முன்பே, வீட்டுக் குளியலறையைப் பூட்டிக்கொண்டு பிளேடை எடுத்தார். வீட்டில் பிளேடு போடாதீர்கள், கீறினால் சீழ் பிடிக்கும் என்று வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் சொன்னவர் அவர்தான். ஊருக்குத்தான் உபதேசம். தொப்பை மறைத்தது, கண்டபடி கீறிக்கொண்டார். அட்மிட் ஆனபின் மச்சான் மிஷினோடு வந்தபோது, எல்லாம் ஆயிடுச்சு என்று போர்வையை விலக்காமலே திருப்பி அனுப்பிவிட்டார்.

ஆபரேஷன் அன்று காலை டாக்டர் போர்வையை விலக்கினார். இரண்டு பக்கமும் சிவந்து, சீழ்க் கொப்புளம்.

"இன்னைக்கு முடியாது. இந்தக் கிருமி உள்ளே போய் அந்தத் துணியில ஒட்டிக்கிட்டா உசிருக்கே ஆபத்து. புண்ணு ஆறணும். அதுவரைக்கும் அந்த வீக்கம் தாங்கணும்." டாக்டர் மச்சான் பக்கம் திரும்பினார். "யாருய்யா பிளேடு போட்டது?"

மச்சான் மாமாவின் முகத்தைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது.

"நான்தான் டாக்டர். அவசரத்துல தெரியாம பண்ணிட்டேன்."

"இனிமே இந்த வார்டுல உனக்கு வேலை இல்ல, போ!"

டாக்டர் கதவுவரை போய்விட்டார். மச்சான் குனிந்து போர்வையை இழுத்துவிட்டு, "விடுங்க அத்தான், யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று காதோடு சொன்னான். மாமா வெட்கத்தில் செத்துப் பிழைத்தார்.

"டாக்டர்!" என்று கத்தினார். "அவன் இல்ல, நான்தான். எல்லாரும் கேலி பண்ணுவாங்கன்னு பயந்து, நானே வீட்டுல போட்டுக்கிட்டேன்."

வார்டே திரும்பிப் பார்த்தது. பக்கத்துக் கட்டிலில் போன வாரம் அவர் புதுப்பொண்ணு என்று கிண்டலடித்த பெரியவர் படுத்திருந்தார். இப்போது சிரிப்பார் என்று மாமா காத்திருந்தார். பெரியவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். இத்தனை வருஷத்தில் அந்தச் சின்ன மரியாதையை மாமா ஒருவருக்கும் கொடுத்ததில்லை.