பிளக்கைப் பிடுங்கியவர்

ராஜபாளையத்தில் உள்ள எங்கள் பேண்டேஜ் துணி ஆலையில் புது சுவிட்ச் அமைப்பதற்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். ஆலையின் கணினிகளையும் கேமராக்களையும் ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டி அது. கேபிளிலிருந்து உரித்த நீல ஒயரில் மூக்குக்கண்ணாடியைக் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார்.

சுவிட்சுக்குப் புது முகவரி கொடுக்க மடிக்கணினியில் சில எண்களைத் தட்டினார். திரை அப்படியே நின்றுவிட்டது. வாசலில் லோடு ஏற்றிய லாரி பில்லுக்காகக் காத்திருந்தது. எனக்குப் பதறியது.

"போச்சா மேடம்?"

"போகல சார். சுவிட்ச் புது அட்ரஸுக்குக் குடி போயிருச்சு. நாமதான் இன்னும் பழைய வாசல்ல நிக்கோம்."

புது முகவரியைத் தட்டியதும் திரை உயிர்பெற்றது. மற்ற எண்களையும் கொடுத்து முடித்தார். பில் அடிக்கலாமென்று நான் எழுந்தபோது, சட்டென்று சுவிட்சின் பிளக்கைப் பிடுங்கினார்.

"என்ன மேடம் இது!"

"நான் பஸ் ஏறுன பொறவு கரண்ட் போகத்தான செய்யும்? அது என் கண்ணு முன்னாலயே போகட்டும். செத்த பொறுங்க."

மறுபடி செருகினார். சுவிட்ச் பழைய முகவரிக்கே திரும்பியிருந்தது. செய்த வேலை எதுவும் அதில் இல்லை.

"அடடா, சேவ் பண்ணவே இல்ல!" என்று வாய்விட்டுச் சிரித்தார்.

எல்லாவற்றையும் திரும்பத் தட்டி, சேவ் செய்து, மறுபடியும் பிளக்கைப் பிடுங்கிச் செருகினார். இந்த முறை சுவிட்ச் எதையும் மறக்கவில்லை. லாரியும் கிளம்பியது.

இப்போதும் ஆலையில் கரண்ட் போய் வரும்போதெல்லாம் எனக்கு அந்தச் சிரிப்புதான் கேட்கிறது. தன் தப்பைத் தானே கையும் களவுமாகப் பிடித்ததில் ஒருவருக்கு எப்படி அவ்வளவு சந்தோஷம் வந்தது?