காய்ந்த அரளி

கப்பலேறி வந்த தீவில் ஒப்பந்தக் கூலி முடிந்து, அங்கேயே புலிலேகா என்ற ஊரில் கரும்பு போட்ட மைதீன் பிச்சை, வயலைச் சுற்றி அரளி நட்டார். அதன் கசப்புக்கு மாடு வாய் வைக்காது. ஒருமுறை வேலியைக் கழித்து, கிளைகளை அங்கேயே போட்டுவிட்டார். அவை காய்ந்தபின் அவருடைய செவலைக்காளை நுரை தள்ளி விழுந்தது; ஹலால் செய்யக் கத்தி எடுத்துவருவதற்குள் செத்தும் போனது. மாரியம்மனுக்கு அரளிப்பூ பறிக்க வரும் வீராசாமிதான் விஷம் வைத்தான் என்று மைதீன் பிச்சை ஊரெல்லாம் சொன்னார்.

“ஒரே கப்பல்ல வந்தவங்க பாய் நாம,” என்ற வீராசாமி, மானம் போய், தொலைவிலிருந்த ட்ரெகேட்டிக்குக் குடிபெயர்ந்தார்.

மறுவருடம் வேலியிலிருந்து வெட்டிப்போட்ட அரளிச் சருகை இன்னொரு காளை மைதீன் பிச்சையின் கண்ணெதிரே மென்றது. பிடுங்கி நாக்கில் வைத்துப் பார்த்தார். கசப்புதான் குறைந்திருந்தது, விஷம் குறையவில்லை என்பதைக் காளை செத்துக் காட்டியது.

இதைக் கொன்றது வீராசாமி விட்டுப்போன சாபம் என்று ஊரில் சொன்னார்.