சொட்டு நின்றால் சரி

சிறுநீரகக் கல்லோடு துனிசியாவின் காபெஸ் நகரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதுதான் நர்ஸ் வசீலாவைப் பார்த்தேன். அவருடைய அப்பா மாத்மாத்தா ஊர் வழியில் பஸ் ஓட்டியவர், கணவர் மீன்பிடிப் படகில் போகிறவர். எதையும் ஒரு தடவை பார்த்து நம்பிவிடுகிற ஆள் இல்லை. ரொட்டி வாங்கினாலும் அடியைத் தட்டிப் பார்த்துத்தான் வாங்குவார் என்று கூட வேலை செய்யும் லுத்ஃபி கேலி செய்வார்.

அடுத்த கட்டிலில் ஓய்வுபெற்ற இயற்பியல் வாத்தியார் மொங்கி. எல்லோரும் மரியாதையாக ‘சி மொங்கி’ என்பார்கள். கெட்டுப்போன ஆக்டோபஸ் சாப்பிட்டு, வாந்தியும் பேதியுமாக வந்து சேர்ந்தவர். பழைய பக்கவாதத்தில் அவருடைய வலது கை மரத்துப்போயிருந்தது. உடம்பில் நீர் வற்றி இடது கையில் நரம்பே தட்டுப்படாததால், அவசரப் பிரிவில் அந்த வலது கையிலேயே ஊசி போட்டு அனுப்பியிருந்தார்கள்.

சலைன் இறங்கிக்கொண்டிருந்தது. அடுத்து பொட்டாசியம் கலந்த பாட்டில். அதைக் கையில் வைத்துக்கொண்டு வசீலா நின்றார்.

“என்ன பொண்ணே, பாட்டிலுக்குக் கண்ணு பட்டுடப் போகுது” என்றார் மொங்கி.

“இது நரம்புக்கு வெளியில கசிஞ்சா சதையைப் பொசுக்கிடும், சி மொங்கி. ஊசி உள்ளதான் இருக்கான்னு பாத்துடறேன்.”

“உள்ள இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?” துவண்டு கிடந்த மனிதரின் குரலில் திடீரென்று உயிர் வந்தது.

லுத்ஃபி குறுக்கிட்டார். “போடும்போதே ரத்தம் ஏறிச்சாம் வசீலா. மாட்டிவிடு.”

“அது காலையில. அதுக்கப்புறம் கை எத்தனை தடவை மடங்குச்சோ.”

குழாயில் சிரிஞ்சைப் பொருத்தி மெல்ல இழுத்தார். ரத்தம் வரவில்லை.

“வரலையே” என்றார் மொங்கி.

“அதை மட்டும் வெச்சு வெளியன்னு சொல்ல முடியாது. ஊசி நுனி நரம்புச் சுவத்துல ஒட்டிக்கிட்டாலும் வராது.” தோலின் மேல் விரல்களை வைத்தபடி கொஞ்சம் சலைனை உள்ளே தள்ளினார். தடையில்லாமல் போனது. “வலிக்குதா?”

“இல்லையே.”

“உங்க பதில் செல்லாது. இந்தக் கைக்குத்தான் எதுவும் தெரியாதே.”

“என் கைக்கு எனக்கே ஓட்டு இல்லையா?”

இரண்டு கைகளையும் தொட்டு ஒப்பிட்டுப் பார்த்தார். வலது கை சற்றுப் பருமனாகவும் குளிர்ந்தும் இருந்தது. “அது எப்பவுமே அப்படித்தான் இருக்கும்” என்றார் மொங்கியின் மனைவி ஸக்கியா.

வசீலா பையிலிருந்து ரப்பர் பட்டையை எடுத்து, ஊசிக்கு மேலே முழங்கைப் பக்கம் இறுக்கிக் கட்டினார். “நரம்புக்குள்ள போற தண்ணியா இருந்தா இங்க தடுத்துடும். சொட்டு நின்னா சரி.”

எல்லோரும் பாட்டிலுக்குக் கீழே இருக்கும் சொட்டுக் குமிழைப் பார்த்தோம். கல்வலியை மறந்து நானும் எழுந்து உட்கார்ந்தேன். சொட்டு நிற்கவில்லை. கட்டே போடாத மாதிரி அதுபாட்டுக்கு விழுந்துகொண்டிருந்தது.

“அப்போ தண்ணி எங்கதான் போகுது?” என்றார் மொங்கி.

“சதைக்குள்ள.”

லுத்ஃபி குழாயை அடைத்தார். வசீலா ஊசியை எடுத்துவிட்டு, இடது கையை வெந்நீர்த் துணியால் சுற்றி வைத்தார். பிறகு நெடுநேரம் தடவித் தடவி, முன்கையில் மெல்லிய நரம்பு ஒன்றைப் பிடித்தார். புது ஊசியில் ரத்தம் எட்டிப் பார்த்தது. சலைன் தள்ளியபோது தோல் உப்பவில்லை. இந்தக் கையில் மொங்கியின் பதில் செல்லும். வலியில்லை என்றார். மறுபடியும் மேலே கட்டினார்.

சொட்டு நின்றது. அவிழ்த்ததும் ஓடியது.

“இன்னொரு தடவை கட்டு” என்றார் மொங்கி.

“விளையாட்டா சி மொங்கி?”

“ஒரு தடவை பாத்து நம்பினா அது சோதனையே இல்ல.”

வசீலா சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை கட்டிக் காட்டிவிட்டு, பிறகுதான் பொட்டாசியத்தை மாட்டினார்.

தலையணைமேல் உயர்த்தி வைத்ததில் வலது கை வீக்கம் மெல்ல வடிந்தது. பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் மொங்கி சொட்டுக் குமிழைக் காட்டி விளக்கினார். “உடம்பு எப்படின்னு கேட்டா ரப்பர் கதை சொல்றாரு” என்று ஸக்கியா அலுத்துக்கொண்டார். சில நாளில் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தே வீட்டுக்குப் போனார்.

சலைன் ஏறிக்கொண்டிருந்த என் கையிலும் கட்டிப் பார்க்கச் சொல்லி வசீலாவிடம் கேட்டேன்.

“உங்களுக்கு இழுத்தா ரத்தம் நல்லா வருது. எதுக்கு வீணா?” என்று போய்விட்டார். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.