ஜூட் செய்து தந்த லிப்

ஜூட் போய்விட்டான்.

நேற்றுக் காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவனாம்... ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க முதலே முடிந்துவிட்டது.

ஜூட்டைத் தெரியாதவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். ஆனால் அவனுடைய வேலையை எல்லோருக்கும் தெரியும். என் காரின் முன் பம்பருக்குக் கீழே உதடு மாதிரி நீட்டிக்கொண்டு இருக்கிற அந்தக் கறுப்பு லிப்... "ஜப்பான் சாமானா? எங்கே எடுத்தது?" என்று எத்தனை பேர் இன்பாக்ஸில் கேட்டிருக்கிறீர்கள்!

எங்கேயும் எடுக்கவில்லை. கற்பிட்டி ரோட்டில், ஒரு மீன் பெட்டியை வெட்டி ஜூட் செய்தது.

நானும் அவனும் மீன்பிடிப் படகு செய்கிற ஒரே ஃபைபர் போட் யார்டில் வேலை செய்தவர்கள். பிறகு நான் கார் எடுத்து வாடகைக்கு ஹயர் ஓடப் போய்விட்டேன். அவன் போட்டோடேயே இருந்துவிட்டான்.

காரை முதல்முதலாகக் கொண்டுபோய்க் காட்டியபோது சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னான், "மச்சான், மூஞ்சி சரியில்ல."

அடுத்த கிழமையே பம்பரைக் கழற்றி இரண்டு பிளாஸ்டிக் கதிரைக்கு மேல் கவிழ்த்து வைத்துவிட்டான். மீன் போடுகிற, பாரமில்லாத வெள்ளை நுரை ரெஜிபோம் பெட்டியை வெட்டி, உரசி, லிப்பின் வடிவத்துக்குக் கொண்டுவந்தான். ரெசின் பட்டால் ரெஜிபோம் கரைந்துபோகும் என்று அதைச் சுற்றிப் பிரவுன் டேப். அதற்கு மேல் மெழுகு. அதற்கு மேல்தான் ஃபைபர் மேட்டும் ரெசினும்.

காருக்கு இரண்டு மேட் தாராளம். அவன் போட்டுக்கொண்டே போனான்.

"டேய், காணும்டா. பாரம் கூடிப்போகும்."

"கல்லுல ஏறினாலும் உடையப்படாது."

"கார் ஏன்டா கல்லுல ஏறுது?"

"நீ ஓட்டுறது எனக்குத் தெரியாதா?"

எல்லாம் காய்ந்து, உள்ளே இருந்த ரெஜிபோமைக் கழற்றி, உரசி, பெயின்ட் அடித்துப் பூட்டுகிற நேரம் பார்த்தால் அடியில் ஒரு ஓட்டை. ஓட்டைக்கு ஒரு அடைப்பு. போட்டில் தண்ணீர் வடிய வைப்போமே, அதே அடைப்பு!

என்னடா இது என்று கத்தினேன். பழகின கை தன்பாட்டில் வைத்துவிட்டது போல. ஆனால் ஒத்துக்கொள்வானா?

"தண்ணி ஏறினா வடியோணும் தானே..."

"கார் என்ன கடலுக்கா போகுது?"

"உன்ன நம்பேலாது மச்சான்."

அது இன்னமும் இருக்கிறது. காரைக் கழுவிவிட்டுக் குனிந்து அந்த அடைப்பைக் கழற்றுவேன். உள்ளே நின்ற தண்ணீர் சளசளவென்று வடியும். ஒவ்வொரு தடவையும் அவனுக்கு ஏசுவேன். ஒவ்வொரு தடவையும் சிரிப்பு வரும்.

பூட்டி முடிந்தபிறகுதான் ஒரு விஷயம் விளங்கியது. லிப்புக்கும் நிலத்துக்கும் இடையில் நாலு விரல்தான் இடைவெளி. ஜூட்டின் வீட்டுக்குப் போகிற ஒழுங்கையோ வெறும் மணல். டயர் போகிற இரண்டு தடமும் பள்ளம், நடுவில் மேடு. நுழைந்தால் லிப் மணலை உழுதுகொண்டுதான் போகும்.

"இனி இந்தக் காரோட என்ர வீட்டுப் பக்கம் வராத. சந்தியில நில்லு, நான் வாறன்" என்றான்.

அன்றிலிருந்து எல்லாம் சந்தியில்தான். ஹோர்ன் அடிப்பேன். நடந்து போகலாம்தான், ஆனால் நான் இறங்கி நாலு எட்டு வைக்க முதல் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அவன் வந்து நிற்பான். என் முகத்தைக்கூடப் பார்க்கமாட்டான். முதலில் குனிந்து லிப்பின் அடியைத் தடவிப் பார்ப்பான். பிறகுதான், "எப்பிடி மச்சான்?"

பொனட்டில் சாய்ந்துகொண்டு கதைப்போம். நோன்புப் பெருநாளைக்கு வட்டிலப்பம் அந்தச் சந்தியில்தான் கைமாறும். நத்தாருக்குக் கேக்கும் அந்தச் சந்தியில்தான்.

போன மாதம் போனபோது ஒரு மாதிரியாகச் சிரித்தான். "வாற நத்தாருக்கு உன்ர கார் என்ர வாசலில நிக்கும், பார்."

"எப்பிடி, கிரேன்ல தூக்கப் போறியா?"

குனிந்து லிப்பின் அடியை இன்னொரு தடவை தடவினான்...

இன்றைக்கும் சந்தியில்தான் நிறுத்தினேன். கை தானாக ஹோர்னுக்குப் போனது. எடுத்துவிட்டேன்.

நடந்தேன். ஒழுங்கையின் முன்பாதி அதே மணல், அதே மேடு. வளைவு தாண்டினால்... இரண்டு தடத்திலும் தேங்காய்ப் பொச்சுமட்டை. பள்ளம் தெரியாமல் நிரப்பி, மேலே மணல் போட்டு, மிதித்து மிதித்து இறுக்கியிருந்தது. அவன் வீட்டு வாசல்வரைக்கும் அப்படித்தான்.

யார் செய்தது என்று அவன் மனைவி ஸ்டெல்லாவிடம் கேட்டேன்.

"அவர்தான் நானா. ஞாயிறு பூசை முடிஞ்சு வந்தா இதுதான் வேல. உங்கட கார் வாசலுக்கு வரோணுமாம். முடியும்வரைக்கும் உங்களுக்குச் சொல்லப்படாது எண்டுட்டாரு."

அதற்குப் பிறகு என்னால் அங்கே நிற்க முடியவில்லை. காருக்கே திரும்பி வந்துவிட்டேன். இதையும் காருக்குள் இருந்துதான் எழுதுகிறேன்.

மடையா... உன் வாசலில் இருந்தா தொடங்குவாய்? ரோட்டுப் பக்கம் இருந்து தொடங்கியிருந்தால் பாதித் தூரமாவது வந்திருப்பேனேடா.

எழும்பி வந்து ஒரு தடவை லிப்பைத் தடவிப் பார்க்கமாட்டாயா என்று இருக்கிறது. என்னைப் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை.

பின்னேரம் அடக்கம். மாதா கோயிலுக்கு உன்னை இந்தச் சந்தியால்தான் கொண்டுபோக வேண்டும்.

நான் நிற்கிறேன் மச்சான். வழமையான இடத்தில்தான்.

நீ வா.