மண்டை டாக்டர் சொன்னால் சரி

“தலையை ஆட்டாதீங்க, நேரா பாருங்க” என்று சொல்லிக்கொண்டே அளவு நாடாவைப் புருவத்துக்கு மேல் ஒரு விரல்கடை விட்டு, காதுகளுக்கு மேலாகக் கொண்டுபோய், பின்மண்டை எங்கே அதிகம் புடைத்திருக்கிறதோ அங்கே சுற்றி இழுப்பார் மண்டை டாக்டர். ஒரு முறை அளந்தால் திருப்தி வராது. மூன்று முறை அளந்து, மூன்றில் பெரியதை எடுத்துக்கொள்வார். பிறகு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, இரண்டு உள்ளங்கைகளையும் வந்தவர் தலையில் வைத்து, முலாம்பழம் பொறுக்குகிறவரைப் போல் மெல்லத் தடவிப் பார்ப்பார். உருண்டையா, நீளமா, நெற்றிப்பொட்டில் குறுகலா? வந்தவரின் முகம் எப்படி இருந்தது என்று மாலையில் கேட்டால் விழிப்பார். பின்மண்டையைக் கேட்டால் ஆறு மாதம் கழித்தும் சொல்வார்.

மண்பாதையிலும் மலைச்சரிவிலும் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கான கடை அது. கீழே வண்டிகள், பூட்ஸ், முழங்கால் கவசம். மரப்படி ஏறினால் மேல்தளம் முழுக்க ஹெல்மெட். அந்தத் தளம் அவருடைய ராஜ்யம். மண்டை டாக்டர் என்பது வாடிக்கையாளர்கள் வைத்த பெயர். இங்கே வருவதற்கு முன் பதினொரு வருஷம் செருப்புக் கடையில் இருந்தார். “கால்ல ஆரம்பிச்சு தலைக்கு வந்துட்டேன், இதுக்கு மேல பதவி உயர்வு ஏது?” என்பார்.

ரோட்டில் போட்டுக்கொள்ளும் ஹெல்மெட்டைப் போல இதற்கு முகத்தில் கண்ணாடி மூடி கிடையாது. கண்கவசத்தைத் தனியாக மாட்ட வேண்டும். வாய்க்கு முன்னால் தாடைப்பகுதி நீண்டு நிற்கும். மேடேறும்போது மூச்சு வாங்க இடம் வேண்டுமே. நெற்றிக்கு மேல் ஒரு நீட்டல், வெயிலையும் முன்னால் போகிற வண்டியின் சக்கரம் வாரியடிக்கும் மண்ணையும் தடுக்க. “பாக்க எறும்பு மூஞ்சி மாதிரிதான் இருக்கும். போட்டுட்டு கண்ணாடி முன்னாடி சிரிக்காத ஆளே கிடையாது.”

சிரித்து முடித்ததும் பரீட்சை ஆரம்பிக்கும். கன்னம் இரண்டும் பிதுங்க வேண்டும். ஹெல்மெட்டைப் பிடித்து ஆட்டினால் நெற்றித் தோலும் கூடவே நகர வேண்டும். தாடை வாரை இரட்டை வளையத்தில் கோத்து இறுக்கிவிட்டுப் பின்னால் போய், கீழ்விளிம்பைப் பிடித்து முன்பக்கமாக உருட்டிக் கழற்றப் பார்ப்பார். அந்த நேரத்தில் பரம சாதுவான மனிதர் பங்காளிச் சண்டைக்கு வந்தவர் போல ஆகிவிடுவார். கழன்று வராவிட்டால், கால் மணி நேரம் போட்டுக்கொண்டே கடைக்குள் உலாத்தச் சொல்வார். கழற்றியதும் நெற்றியில் ஓரிடம் மட்டும் காசளவுக்குச் சிவந்திருந்தால், அந்த ஹெல்மெட் அலமாரிக்குத் திரும்பிவிடும்.

வண்டி நிறத்துக்குப் பொருத்தமாக இருக்கிறதென்று ஒரு சுற்றுப் பெரிய ஹெல்மெட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார் ஒரு வங்கிக்காரர். “சார், இது வண்டிக்கா, தலைக்கா?” என்று கேட்டுப் பிடுங்கி வைத்துவிட்டார். வங்கிக்காரர் கோபித்துக்கொண்டு இறங்கிப் போனார். முதலாளி தலையில் அடித்துக்கொண்டார்.

“படியேறி வந்த வியாபாரத்தை இப்படிப் பிடிச்சுத் தள்ளுறீங்களே அண்ணே!”

“அவங்கவங்க தலையெழுத்துக்கு நான் பொறுப்பில்ல. தலையளவுக்குப் பொறுப்பு.”

இரண்டு வாரத்தில் வங்கிக்காரர் திரும்பி வந்து சரியான அளவை வாங்கிக்கொண்டு போனார். டாக்டர் அன்று முழுக்கச் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே இருந்தார்.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம், கையுறை போட்டுப் பார்த்தபடி இரண்டு பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, மரப்படியில் பழகிய காலடி கேட்டது. ஏறி வந்தவர் அவருடைய மனைவி. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். நாற்பது பிள்ளைகளின் கூச்சலை இருபது வருஷமாக முதுகில் வாங்கிக்கொண்டு ஓட்டுகிற நிதானம் நடையிலேயே தெரியும்.

“என்ன, சாவியை மறந்துட்டியா?”

“இல்லங்க. ஹெல்மெட் வாங்க வந்தேன்.”

“யாருக்கு?”

“இந்தத் தலைக்குத்தான்.”

உடன் வேலை பார்க்கும் இரண்டு பெண்களோடு மனைவி சனிக்கிழமைகளில் கல்குவாரிப் பக்கம் போகிறார் என்பது அவருக்குத் தெரியும். நடக்கப் போகிறார்கள் என்று நினைத்திருந்தார். ஐந்து மாதமாக அங்கே வண்டி ஓட்டிப் பழகியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை புதியவர்களுக்கான மலைச்சுற்று ஓட்டம். பெயர் கொடுத்தாயிற்று. ஆளாளுக்குச் சொந்த ஹெல்மெட் வேண்டும் என்பது விதி.

“அப்போ இத்தனை நாளா இரவல் ஹெல்மெட்டா?” முதல் அடி அவருக்கு அங்கேதான் விழுந்தது. “என் பொண்டாட்டி, அடுத்தவங்க தலைக்கு வாங்கினதைப் போட்டுக்கிட்டு...”

“சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா?”

விட்டிருக்க மாட்டார். மலையிலிருந்து திரும்பிவரும் ஹெல்மெட்டுகளை அவர் பார்த்திருக்கிறார். உரசியவை, விரிசல் விட்டவை. கொண்டுவருகிறவர்கள் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே கொண்டுவருவார்கள். ஒரு தடவை ஒருவர் சிரிக்காமல் கொண்டுவந்தார். போட்டிருந்த அவருடைய தம்பி ஆஸ்பத்திரியில் இருந்தார்.

“வீட்டுல போய் பேசிக்கலாமே.”

“வீட்டுல நீங்க புருஷன். நான் டாக்டர்கிட்ட வந்திருக்கேன். என் தலைக்கு எதுவும் சரியா உக்காரலன்னு சொல்லுங்க, பேரை வாபஸ் வாங்கிடறேன். அதுக்கு அப்புறம் ஒரு வார்த்தை பேசமாட்டேன். ஆனா அதைப் பாத்துட்டுச் சொல்லுங்க.”

பெஞ்சில் இருந்தவர்கள் கையுறையின் தையலை மிகக் கவனமாக ஆராயத் தொடங்கினார்கள்.

அவர் அலமாரிக்குப் போய் ஐம்பத்தாறு சென்டிமீட்டர் ஹெல்மெட் ஒன்றை எடுத்துவந்தார்.

“எனக்கு அளக்கலையா?”

“உன் தலை எனக்குத் தெரியாதா? இருபத்தாறு வருஷமா பாக்கிறேன்.”

அது காதுக்கு மேலேயே நின்றுவிட்டது. அழுத்தினார். வலமும் இடமும் திருகினார். பெஞ்சில் யாரோ இருமினார்கள். வேறு வழியில்லாமல் நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்தார். ஐம்பத்தொன்பது. மறுபடியும் அளந்தார். ஐம்பத்தொன்பது. கண் பார்த்தே அளவு சொல்கிறவர் என்று பெயர் வாங்கிய மனிதர், சொந்த மனைவிக்குச் சின்னத் தலை என்று கல்யாணமான நாளிலிருந்து நம்பிக்கொண்டிருந்திருக்கிறார்.

“எனக்குத் தலைக்கனம்னு உங்க அக்காகிட்ட நீங்கதானே சொன்னீங்க” என்றார் மனைவி. பெஞ்ச் வாய்விட்டே சிரித்துவிட்டது.

கையை வைத்துப் பார்த்தார். நெற்றிப்பொட்டில் குறுகி, பின்னால் நீண்டு போகிற தலை. நூற்றில் ஐந்து பேருக்குத்தான் அப்படி இருக்கும். அந்த அளவில் அலமாரியில் இருந்த மூன்றையும் போட்டுப் பார்த்தாயிற்று. மூன்றும் நடுநெற்றியில் காசு பதித்தன. மூன்றையும் அவர் நியாயமாகத்தான் தள்ளினார்.

“வேற இருக்கா?”

நீள மண்டைக்கென்றே வந்த ஒன்று மேல்தட்டில் பெட்டி பிரிக்காமல் இருந்தது. அது அங்கே இருப்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. உதட்டைப் பிதுக்கினால் போதும், ஞாயிற்றுக்கிழமை இருவரும் வீட்டில் இருக்கலாம். மனைவியைப் பார்த்தார். கலைந்த முடியைக் காதுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, சிவந்த நெற்றியோடு, டாக்டர் சொன்னால் சரி என்று நின்றுகொண்டிருந்தார். சந்தேகத்தின் நிழல்கூட அந்த முகத்தில் இல்லை.

டாக்டர் ஏணியை இழுத்துப் போட்டார்.

ஈரமண் நிறம், ஒரு கோடோ ஒரு பூவோ கிடையாது. போட்டதும் கன்னம் பிதுங்கியது. ஆட்டினால் தோலும் கூடவே வந்தது. கண்கவசம் இடைவெளியில்லாமல் பதிந்தது. வாரை இறுக்கிவிட்டுப் பின்னால் போய் உருட்டினார்.

“ஏங்க, கழுத்து வேணுங்க எனக்கு!”

மறுபடியும் இழுத்தார். அசையவில்லை. மூன்றாம் முறை இழுத்தபோது அது சோதனையா, கெஞ்சலா என்று அவருக்கே தெரியவில்லை.

கால் மணி நேரம் நடக்கச் சொன்னார். மனைவி நடக்கவில்லை. அலமாரிகளுக்கு நடுவே முழங்காலை லேசாக மடித்து, முழங்கையை அகட்டி, வண்டியின் மிதிக்கட்டையில் எழுந்து நிற்பதுபோல நின்றார். உடம்பு ஒருபக்கம் சாய்ந்தது. கண்கள், அங்கே இல்லாத ஒரு வளைவின் மறுகோடியைப் பார்த்தன. தினமும் சாயங்காலம் இடுப்பு வலி என்று சோபாவில் சாய்கிறவர் இவர்தானா? பெஞ்சில் இருந்தவர்களில் மூத்தவர் கையுறையைக் கீழே வைத்தார்.

“யாரு டாக்டர் இவங்க? நிக்கிற நிலையே சொல்லுதே!”

“எங்க வீட்டம்மா” என்றார். பிறகு கீழ்த்தளத்துக்கும் கேட்கும்படி சொன்னார்: “ஞாயித்துக்கிழமை மலைச்சுத்துல ஓட்டறாங்க.”

நேரம் முடிந்ததும் கழற்றி, மனைவியை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி நெற்றியைப் பார்த்தார். ஒரு கோணத்தில் இல்லை, நான்கு கோணத்தில். வெளிறிய சிவப்பு, நெற்றி முழுக்க ஒரே சீராக.

“என்ன சொல்றீங்க?” என்றார் மனைவி.

கத்தரிக்கோல் மேசைமேல்தான் இருந்தது. அவர் ஹெல்மெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, விலைச்சீட்டின் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.